கணினி ஏன் அடுத்த வீட்டுக்குப் போனது?

மாலை நேரம். மடிக்கணினியில் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. மடிக்கணினிக்குள் மின்கலம் இருப்பதால் அது அணையவில்லை. ஆனால் வைஃபை பெட்டி, அதாவது ரவுட்டர், அணைந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் மின்சாரம் திரும்புகிறது. இணையமும் வேலை செய்கிறது. வேகம் மட்டும் மிகக் குறைவு. திரையின் மூலையைப் பார்க்கிறீர்கள். கணினி அடுத்த வீட்டு ரவுட்டருடன் இணைந்திருக்கிறது! இது எப்படி நேர்ந்தது?

பெயர் சொல்லி அழைக்கும் பெட்டி

ரவுட்டர் ஒரு குட்டி வானொலி நிலையம். அது செய்தியை அனுப்பவும் செய்யும், பெறவும் செய்யும். 'நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது' என்று வினாடிக்குச் சுமார் 10 முறை அது அறிவித்துக்கொண்டே இருக்கும். கணினியில் தோன்றும் வைஃபை பெயர்கள் இந்த அறிவிப்புகளிலிருந்து கிடைத்தவையே.

பெயருக்கு ஓர் அளவு உண்டு. அது 32 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'தி' என்று எழுத, த ஒன்று, இகரக் குறி ஒன்று என 2 குறியீடுகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். 'திருநெல்வேலி' என்று பெயர் வைக்க 36 பைட்டுகள் வேண்டும். ஆகவே அது அடங்காது! 'மதுரை' தாராளமாக அடங்கும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண் பட்டைகளில் செல்கின்றன. முதலாவதன் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; இரண்டாவதன் அலைநீளம் சுமார் 6 செ.மீ. சுவரைக் கடக்கும்போது இரண்டாவது அலை அதிகமாக வலுவிழக்கும். முதலாவது அடுத்த வீடு வரை எளிதில் எட்டிவிடும்.

கணினியின் நினைவு

எப்போதோ ஒருநாள் அடுத்த வீட்டு மாமாவிடம் கடவுச்சொல் கேட்டு வாங்கி இணைத்திருப்பீர்கள். நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள், கணினி மறக்கவில்லை. இணைந்த பெயர்களை அது பட்டியலாகச் சேமித்து வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரின் குரல் நின்றதும், பட்டியலில் உள்ள வேறு பெயர் கேட்கிறதா என்று அது தேடியது. இன்வெர்ட்டர் உள்ள அடுத்த வீட்டில் ரவுட்டர் அணையவே இல்லை. கணினி அங்கே போய்விட்டது. கிடைத்த இணைப்பு அறுபடாத வரை கணினி பெரும்பாலும் அதை விட்டு வராது. அதனால்தான் மின்சாரம் வந்த பிறகும் அது திரும்பவில்லை.

பெயரை நம்பலாமா?

அடுத்த வீட்டுக்குப் போனால் வேகம் குறையும், அவர்களுடைய இணைய அளவு செலவாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல் உள்ள வலையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையில் கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. இரு பக்கமும் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி, அதைக் கொண்டு செய்த கணக்கின் விடையைக் காட்டி, 'எனக்கும் கடவுச்சொல் தெரியும்' என்று மெய்ப்பிக்கின்றன. கடவுச்சொல் தெரியாத போலிப் பெட்டி இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

கடவுச்சொல் இல்லாத பொது வலையில் இந்தச் சோதனை கிடையாது. அதே பெயரில் ஒருவர் போலிப் பெட்டி வைத்தால் கணினி ஏமாந்து தானாகவே இணையக்கூடும். பிறகு அவர் போலிப் பக்கத்தைக் காட்டி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. கணினியின் வைஃபை பட்டியலைத் திறந்து, தேவையற்ற பெயர்களை நீக்குங்கள். பொது வலைகளை முதலில் நீக்குங்கள்.
2. எப்போதாவது தேவைப்படும் வலைக்கு, 'தானாக இணை' என்ற குறியை எடுத்துவிடுங்கள்.
3. வீட்டு ரவுட்டருக்குத் தனிப்பெயரும் நீண்ட கடவுச்சொல்லும் வையுங்கள். குறுகிய கடவுச்சொல்லைப் பிறர் ஊகித்துவிட முடியும்.
4. மின்சாரம் போய் வந்தால், முதலில் வலையின் பெயரைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

கைபேசியுடன் ஒவ்வோர் அறையாகச் சென்று, எத்தனை வைஃபை பெயர்கள் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெயரைவிட அடுத்த வீட்டுப் பெயர் வலுவாகத் தெரிகிறது? ரவுட்டரை எங்கே மாற்றி வைக்கலாம் என்பதற்கு விடை அங்கே கிடைக்கும்.