பங்குனிப் பூ

மார்ச் முதல் தேதியானால் ருமேனியாவில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். மர்ட்சிஷோர் என்று பேர். சில நாள் கழித்து அதைப் பழமரக் கிளையில் கட்டிவிடுவதும் உண்டு. 2017-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பனி உருகுகிற ஊருக்கு அது சரி. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தார் ரோட்டைத் தவிர உருக என்ன இருக்கிறது? இங்கே வசந்தம் வேப்பமரத்தில்தான் வந்தது.

பங்குனியில் தெருவெல்லாம் அந்த வாசனை. ராத்திரி மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டால் விடிவதற்குள் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் சருகும் போகப் புடைத்து, வெயிலில் காயவைத்து, டப்பாவில் அடைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். தெலுங்கு பேசுகிற வீடுகளில் யுகாதி முந்திக்கொள்ளும். பச்சைப் பூவையே புளி, வெல்லம், மாங்காயோடு கலப்பார்கள். தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள், நெய்யில் வறுத்துப் பச்சடியில் போடுவது. பூவைக் கருகவிட்டால் அவ்வளவுதான், மாமியாரிடம் அடுத்த சித்திரை வரை பேச்சு வாங்க வேண்டும்.

2008-ல் அரசு புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றியது. 2011-ல் அடுத்த அரசு சித்திரைக்கே திருப்பிவிட்டது. தையில் வேப்பம்பூவுக்கு எங்கே போவது? நடுவில் வந்த வருஷங்களிலும் பச்சடி சித்திரையில்தான்.

இப்போது தனி வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று முதலில் போவது வேம்பு. மிஞ்சிய மரங்கள் கார் கண்ணாடிமேல் பூவைக் கொட்டுகின்றன, வைப்பர் தள்ளிவிடுகிறது. தெருப்புழுதியில் புடவை விரிக்க யாருக்கும் மனசில்லை. ஏப்ரல் 13 சாயங்காலம் மார்க்கெட் ஓரத்தில் வேப்பம்பூவும் மாங்காயும் கூறு கட்டி விற்கிறார்கள். பேரம் பேசாமல் வாங்கிப் போகிறோம்.

வேறொரு வசந்தமும் ஊருக்குள் வந்துவிட்டது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருட்டிவிட்ட ஆவடித் தொழிற்சாலைக்குப் பல மாநிலத்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஹோலியும் கூடவே வந்தது. அப்போது அது பெரும்பாலும் குவார்ட்டர்ஸ் மதிலுக்குள். இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பீகார், ஒடிசாப் பையன்கள் வேலை செய்கிறார்கள். மார்ச் மாதம் மளிகைக் கடை வாசலிலேயே வண்ணப்பொடி தொங்குகிறது. நம் தெருப் பிள்ளைகளும் பூசிக்கொண்டு திரிகிறார்கள். அது சந்தோஷம்தான்.

உலர்ந்த வேப்பம்பூவைச் செல்போனில் சொன்னாலே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ரசத்துக்கு வேண்டுமானால் ஆகும். பச்சடிக்கு, என் நாக்கைக் கேட்டால், அன்றைக்கு உதிர்ந்ததுதான் சரி.