‘ஸ்டார் தொகுதி’ என்கிற கதையாடல்: ஆண்டிபட்டி வாக்குகளை முன்வைத்து

ஆண்டிபட்டி என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்கிற இரண்டு பெயர்கள்தாம். ‘மொகத்தப் பாத்துக் குத்துற சனம்’ என்கிற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். இலக்கியக் கூட்டங்களிலும் இயக்கக் கூட்டங்களிலும் சலிப்போடு சொல்லப்படும் இது ஆய்வின் முடிவல்ல. ஆய்வைத் தவிர்க்கும் வழி. இத்தொகுதியின் முடிவுகளை ஒரு பிரதியாக, வரிசையாக வாசித்தால் வேறொன்று புலப்படுகிறது.

1984 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். தொகுதிக்கு அவர் வரவேயில்லை. மருத்துவமனையில் எடுத்த வீடியோ படம்தான் தமிழகமெங்கும் திரையிடப்பட்டது. வென்றார். அவரது திரைப் படிமம் அடித்தள மக்களின் சம்மதத்தை எப்படித் திரட்டியது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியான தம் நூலில் விரிவாகப் பேசினார். அந்த வாசிப்பு நமக்கு அவசியமானது. ஆனால் 1984ஓடு நிறுத்திக்கொண்டால் அது பாதி வாசிப்பு.

1989 ஜனவரியில் இதே ஆண்டிபட்டியில் ஜானகி நின்றார், தோற்றார். ஜெயித்தது தி.மு.க.வின் ஆசையன். பக்கத்துப் போடியில் ஜெயலலிதா ஜெயித்தார். கட்சி ரெண்டாக உடைந்து ஓட்டு பிரிந்தது வாஸ்தவம்தான். ஆனால் ‘எம்.ஜி.ஆர். சம்சாரம்’ என்ற அடையாளமே போதுமென்றால் ஏன் பிரிய வேண்டும்? கட்சி ஒன்றான பிறகு, 1996இல் மறுபடியும் ஆசையன்தான். 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதாவின் வித்தியாசம் 41,201, 2006இல் 25,186. முகம் மாறவில்லை, 16,015 குறைந்துவிட்டது. 2002இல் வாக்களித்தவர்கள் அடுத்த முதல்வரைத் தம் எம்.எல்.ஏ.வாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பக்தி இருக்கலாம், கணக்கும் இருக்கிறது.

முகம் சரிவரவில்லை என்றால் அடுத்து சாதியை எடுப்பார்கள். 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் மகாராஜனும் அ.தி.மு.க.வின் லோகிராஜனும் மோதினார்கள். இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். 2021இலும் அதே போட்டி. ரெண்டு தடவையும் மகாராஜன் வென்றார். யாருக்கு சீட்டு என்பதைச் சாதி தீர்மானிக்கலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கு ஓட்டு என்பதை அது எப்படி விளக்கும்? 2019இல் அதே நாளில் மக்களவைக்கும் தேர்தல். தேனி மக்களவைத் தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போனது, அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல்கள் இரண்டும் தி.மு.க.வுக்கு வந்தன.

மிச்சமிருப்பது பணம். அந்தத் தேர்தலுக்கு ரெண்டு நாள் முந்தி, ஆண்டிபட்டியில் ஒரு கட்சிக்காரரின் இடத்தில் வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றியது. உறைகள்மேல் வார்டு எண், ஓட்டுகளின் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்தது. இது கொடுப்பவனின் பிரதி. நாமோ இதை வாங்குபவளின் மனசாக வாசிக்கிறோம். காசு வாங்கினவள் திரைமறைவில் எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்பது உறையில் இல்லை. ‘சனங்க காசுக்கு வித்துட்டாங்க’ என்று சொல்லும்போது, உறையைக் கட்டியவன் தப்பித்துக்கொள்கிறான்.

வாக்குப்பதிவுச் சதவீதத்தையும் இப்படித்தான் ‘அக்கறை’யின் அளவுகோலாக்குகிறோம். ஏலத்தோட்டத்திலும் திருப்பூரிலும் தங்கி வேலை பார்ப்பவரின் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அவர் வராததற்குக் காரணம் பஸ் சார்ஜும் ஒருநாள் கூலியும். வராதவரின் காரணத்தைச் சதவீதம் சொல்லாது.

வைகை அணை ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மதுரைக்குத் தண்ணீர் போகிறது. இங்கே மானாவாரிக்காரர் வானத்தைப் பார்க்கிறார். தண்ணி, கூலி, தறி என்று இவர்கள் போட்ட கணக்கை முகம், சாதி, காசு என்கிற மூன்று சொற்களால் நாம் மூடிவிட்டோம். சனங்கள் ஏமாளிகள் என்று முடிவு கட்டிவிட்டால் அவர்களிடம் போய்ப் பேச வேண்டிய வேலையும் இல்லாமல் போகிறது. அதுதான் நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் 20ஆம் எண் படிவத்தில் இருக்கின்றன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருசநாட்டுக்கும் தறிக்காரர் தெருவுக்கும் போய் உட்கார்ந்து கேட்போம். ‘ஸ்டார் தொகுதி’ பற்றிய தீர்ப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.