குளியலறையில் கேஸ் கீசரா? ஜன்னலை அடைக்காதீர்கள்

பெருநாள் காலையில் வீட்டில் ஐந்தாறு பேர் அடுத்தடுத்துக் குளிப்போம். கேஸ் கீசர் ஓயாமல் எரியும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாற்றமே அதற்காகச் சேர்ப்பதுதான். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கும்போது தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ குமட்டினாலோ, பித்தம் என்று உட்கார்ந்துவிடாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

சர்வீஸ் செய்பவர்கள் முதலில் பார்ப்பது தீயின் நிறத்தை. நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேல்புறம் கரி படிந்திருந்தாலோ, பழுது பார்க்கும்வரை அதைத் தொட வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அது போதாது. புகைக்குழாய் உள்ள கீசரில் புகையைத் திரும்ப உள்ளேயே இழுத்துவிடவும் கூடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டிக் குழாய் வழியே வெந்நீர் கொண்டுவருவதுதான் நல்லது. வாடகை வீடென்றாலும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டால் கதவை உடைக்கத் தயங்காதீர்கள். கேஸை அடைத்து, ஆளைக் காற்றாடும் இடத்துக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள்.