பிஞ்சுக் கணவாய் ரப்பராகாமல் சமைக்க



கூலிக் காசில் ஆசையாகக் கணவாய் வாங்கிச் சமைத்தேன், பிள்ளைகள் மெல்ல முடியாமல் துப்பிடுச்சுங்க என்று ஒரு உறுப்பினர் குழுக் கூட்டத்தில் வருத்தப்பட்டார். கணவாய்னா போடிமெட்டு மலைப்பாதைதானே என்று பக்கத்தில் சிரிப்பு! நாம் சொல்வது கடல் கணவாய். ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போகிறவர்கள் மலையாளத்தில் 'கூந்தல்' என்று கேட்டிருப்பீர்கள், அதுதான்.

நம்மூருக்கு ஐஸில்தான் வருகிறது, பார்த்து வாங்கணும். மேல்தோலில் செம்புள்ளி இருக்கலாம். உள்சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். சதை சிவந்து நெடி அடித்தால் விலை குறைச்சல்னு வாங்காதீங்க.

தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வரும். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் தண்டை உருவி, கண்ணையும் வாயையும் நறுக்கி எறிந்து, தோலுரித்து வளையமாக வெட்டுங்கள். மை கொட்டினால் பயப்படாதீங்க, கழுவினால் போய்விடும்.

வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலா எல்லாம் தொக்காக வதங்கிய பிறகுதான் கணவாயைப் போடணும். தண்ணீர் வேண்டாம், அதுவே விடும். நல்ல தீயில் 2, 3 நிமிடம். வெள்ளையாகிச் சுருண்டதும் இறக்கிவிடுங்கள். இன்னும் வேகட்டும்னு 10 நிமிடம் விட்டால் சதை இறுகி ரப்பராகிவிடும். அந்த உறுப்பினர் செய்ததும் இதுதான். அப்படி ஆனாலும் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றி மூடி, சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் நார் கரைந்து மறுபடி மெதுவாகும். மெட்டில் குடியிருப்பவர்களுக்குப் பருப்பு வேகவே நேரமாகுமே, அங்கே இதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இறால், நண்டு ஒத்துக்காதவர்களுக்கு இதுவும் அரிப்பு தரலாம். குழந்தைகளுக்கு முதல்முறை ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.