முப்பது சதவீதக் கோடு

கேபிள் தொலைக்காட்சிக்கும் நில உச்சவரம்பு மாதிரி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. எந்த நிறுவனமும் நாட்டின் சந்தாதாரர்களில் 30 சதவீதத்துக்கு மேல் வளைத்துப்போடக் கூடாது. அதை எந்த அரசும் ரத்து செய்யவில்லை. நிறுவனங்களே நீதிமன்றம் போய் இரண்டு முறை உடைத்தன.

மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதில் மக்களுக்கு எழுந்த கோபம்தான் 1992 கேபிள் சட்டத்துக்குக் காரணம். அதிபர் மூத்த புஷ் அதைத் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றியது. அவருடைய ஆட்சியில் முறியடிக்கப்பட்ட ஒரே தடுப்பதிகாரம் அது. ஆனால் வரம்பு வேண்டும் என்றார்களே தவிர, எவ்வளவு என்று சட்டத்தில் எழுதவில்லை. தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆணையம் போட்ட கணக்கு இது: புதிதாக வரும் சேனல் பிழைக்கச் சந்தையில் 40 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து கதவடைத்தாலும் அது மிஞ்ச வேண்டுமானால், ஆளுக்கு 30தான். 'இருவரும் கூட்டுச் சேருவார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்றது வழக்குப் போட்ட கேபிள் நிறுவனமான டைம் வார்னர் தரப்பு. பேச்சுரிமை தொடர்பான வழக்கு என்பதால், நிரூபிக்கும் சுமை ஆணையத்தின் தலையில் விழுந்தது. 2001ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரம்பைத் தள்ளியது. 2007ல் ஆணையம் புதுக் கணக்கோடு வந்து, மூன்றுக்கு இரண்டு வாக்கில் அதே 30ஐ மீண்டும் நிறுத்தியது. 2009ல் காம்காஸ்ட் என்ற இன்னொரு கேபிள் நிறுவனம் போட்ட வழக்கில் அதுவும் போயிற்று. போட்டிக்குச் செயற்கைக்கோள் டிஷ் வந்துவிட்டதை ஆணையம் கணக்கில் எடுக்கவில்லையாம்.

வெளிப்படையாக நடந்தது இது. ஆணையத்தையே தன் பக்கம் இழுப்பது மெதுவாக நடப்பது. 2011 ஜனவரியில் காம்காஸ்ட், தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனமான என்.பி.சி. யுனிவர்சலை வாங்க ஆணையம் அனுமதித்தது. ஆதரித்து வாக்களித்த உறுப்பினர் மெரடித் பேக்கர், நான்கே மாதத்தில் அந்த நிறுவனத்துக்கே வேலைக்குப் போவதாக அறிவித்தார். விதி எதையும் மீறவில்லை என்றார். மீறத் தேவையே இல்லாதபடி விதி இருந்தது என்பதுதான் சங்கடம்.

2014ல் காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிளை 4,500 கோடி டாலருக்குக் கேட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகர மேயரிடமிருந்து ஆணையத்துக்கு ஓர் ஆதரவுக் கடிதம் போயிற்று. அதை எழுதிக் கொடுத்ததே காம்காஸ்ட் அதிகாரி என்று பின்னர் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. இன்னொரு வேடிக்கை: தானே உடைத்த 30 சதவீதத்துக்குள் நிற்பதற்காக 30 லட்சம் சந்தாதாரர்களை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் காம்காஸ்ட் முன்வந்தது.

அப்போது ஆணையத் தலைவர் டாம் வீலர், ஒரு காலத்தில் கேபிள் முதலாளிகள் சங்கத்தையே நடத்தியவர். பழைய விசுவாசம் பேசும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆணையம் இறுக்கிப் பிடித்தது. 2015 ஏப்ரலில் காம்காஸ்ட் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு அதே டைம் வார்னர் கேபிளைச் சார்ட்டர் நிறுவனம் வாங்கியது. அனுமதி கொடுத்ததும் வீலரின் ஆணையம்தான்.