காற்றியக்க மாற்றங்களுக்கேற்ற சஸ்பென்ஷன் அமைவு

காற்றியக்க மாற்றங்களுக்கேற்ற சஸ்பென்ஷன் அமைவு என்பது, பந்தயத் தடத்தில் ஓட்டப்படும் தானுந்தில் இறக்கை, முன் தகடு போன்ற உறுப்புகளைப் பொருத்தும்போது, அவற்றால் உண்டாகும் விசையைத் தாங்கும்படி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், தரையிலிருந்து வண்டியின் உயரம் ஆகியவற்றை மாற்றியமைப்பதாகும். இறக்கையை மட்டும் பொருத்திவிட்டுச் சஸ்பென்ஷனை அப்படியே விட்டால், வேகமான வளைவுகளில் வண்டி முன்பைவிட மோசமாக நடந்துகொள்ளக்கூடும்.

கீழ்நோக்கு விசை

வானூர்தி இறக்கையைத் தலைகீழாக வைத்தாற்போன்றது பந்தயத் தானுந்தின் இறக்கை. அது வண்டியைத் தரையோடு அழுத்துவதால் டயர்களின் பிடிப்பு கூடுகிறது. வண்டியின் நிறையோ கூடுவதில்லை. இவ்விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளின் தகடுகளைச் சுழற்றுவதும் இவ்வகை விசையே. ஆடிக்காற்றில் கொட்டாரம் பக்கம் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு, காற்று சற்றே வலுத்தாலும் எதிர்ப்பு எவ்வளவு கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, 100 கி.மீ. வேகத்தில் 400 நியூட்டன் விசை தரும் பின் இறக்கை ஒன்றைக் கொள்வோம். 200 கி.மீ. வேகத்தில் அது 1600 நியூட்டன் தரும். முன், பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் என்றும், இறக்கை பின் அச்சுக்கு 0.5 மீட்டர் பின்னால் உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், துலாக்கோல் விதிப்படி பின் சக்கரங்களில் 1920 நியூட்டன் ஏறும். முன் சக்கரங்களில் 320 நியூட்டன் குறையும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் எனில், வண்டியின் பின்புறம் 24 மி.மீ. அமிழும், முன்புறம் 4 மி.மீ. எழும். 100 கி.மீ. வேகத்தில் இவை முறையே 6 மி.மீ., 1 மி.மீ. மட்டுமே.

ஆகவே மெதுவான வளைவில் நன்றாகத் திரும்பும் வண்டி, வேகமான வளைவில் முன் டயர்களின் பிடிப்பை இழந்து வெளிப்புறமாக வழுக்கும். பின் ஸ்பிரிங்கை இருமடங்கு விறைப்பாக்கினால் 24 மி.மீ. என்பது 12 ஆகும். ஆனால் முன் சக்கரங்களில் குறைந்த 320 நியூட்டன் திரும்பி வராது. பலர் தவறவிடும் இடம் இதுவே. ஸ்பிரிங் வண்டியின் உயரத்தைக் காக்கும். காற்று தரும் சுமையைப் பங்கிடாது. அதற்கு முன்புறத்திலும் காற்றியக்க உறுப்பு ஒன்று வேண்டும். முன் தகடோ தரைக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தே விசை தருவது. எனவே அதைப் பொருத்தியபின் உயரத்தைக் காப்பது முன்னிலும் முக்கியமாகிறது.

வரலாறு

1966ஆம் ஆண்டின் சாப்பரல் 2ஈ தானுந்தில் இறக்கையின் தாங்குகால்கள் பின் சக்கரத் தாங்கிகளிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டன. விசை ஸ்பிரிங்கைத் தொடாமல் டயருக்குச் சென்றதால் மேற்கண்ட சிக்கலே எழவில்லை. ஆனால் 1969 எசுப்பானிய கிராண்ட் பிரீயில் இரண்டு லோட்டஸ் வண்டிகளின் உயரமான இறக்கைகள் முறிந்து விபத்துகள் நேர்ந்தன. அதே மாதம் மொனாக்கோ பந்தயத்தின்போது அத்தகைய இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. பின்னர் இறக்கைகளை வண்டியின் உடலிலேயே பொருத்த வேண்டியதாயிற்று. சுமை முழுதும் ஸ்பிரிங் மீது விழுந்தது.

1978இல் மாரியோ ஆண்ட்ரெட்டி வாகை சூடிய லோட்டஸ் 79, வண்டியின் அடிப்பகுதியையே இறக்கையாக்கியது. தரைக்கு மிக அருகே உயரம் மாறாதிருக்க, இத்தகைய வண்டிகளின் ஸ்பிரிங்குகள் மேலும் மேலும் விறைப்பாக்கப்பட்டன. ஓட்டுநர்களின் உடல் அதற்கு விலை கொடுத்தது. 1983இல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமாக்கப்பட்டது. 2022இல் பார்முலா 1 விதிகள் அடிப்பகுதி விசைக்குத் திரும்பியபோது பழைய நோயும் திரும்பியது. வேகத்தில் அமிழும் வண்டியின் அடியில் காற்றோட்டம் தடைபட்டு விசை குறையும், வண்டி எழும், மீண்டும் அமிழும். இத்துள்ளலால் அவ்வாண்டு அசர்பைஜான் பந்தயத்தில் ஓட்டுநர்கள் முதுகுவலியால் அவதியுற்றனர். அதன்பின் செங்குத்து அதிர்வுக்கு வரம்பு விதிக்கப்பட்டது.

அமைக்கும் முறை

முதலில் மெதுவான வளைவுகளில், காற்றின் பங்கு சிறிதாக உள்ளபோது, ஸ்பிரிங், உருளல் தடுப்புத் தண்டு ஆகியவற்றால் முன்பின் சமநிலையைச் சரிசெய்ய வேண்டும். பிறகே வேகமான வளைவுகளில் இறக்கையின் கோணத்தைத் திருத்துவர். வரிசையை மாற்றினால் ஒரு குறையை மற்றொன்று மறைத்துவிடும். உருளல் தடுப்புத் தண்டு வண்டி பக்கவாட்டில் சாய்வதை மட்டுமே தடுக்கும். இரு சக்கரங்களும் ஒருசேர அமிழும்போது அதனால் பயனில்லை. அதற்கெனச் சில பந்தய வண்டிகளில் மூன்றாவது ஸ்பிரிங் உண்டு. எளிய வண்டிகளில் ரப்பர் தடுப்புகள் அவ்வேலையை ஓரளவு செய்கின்றன. ஸ்பிரிங்கை விறைப்பாக்கும்போது ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றாவிடில் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டுத் தடங்களில்

இருங்காட்டுக்கோட்டையிலுள்ள 3.717 கி.மீ. நீளத் தடத்தில் வேகமான வளைவுகளும் குறுகிய வளைவுகளும் கலந்துள்ளன. ஒரே அமைவு இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்தாது. கோயம்புத்தூர் கரி தடம் 2.1 கி.மீ. நீளமே உடையது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய பொதுச் சாலைகளில், இறக்கைகள் கொண்ட பார்முலா 4 வண்டிகள் இரவில் ஓடின. பொதுச் சாலைகள் நிரந்தரத் தடங்களைப் போல் சமமாக இருப்பதில்லை. நடுவில் மேடும் ஒட்டுப்போட்ட தாரும் இருக்குமாதலால், அங்கே வண்டியைச் சற்று உயர்த்தி, ஸ்பிரிங்கைத் தளர்த்துவதே வழக்கம். அதனால் இழக்கும் விசையை இறக்கையின் கோணத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம். நேர்ப்பாதையில் வேகம் குறையும்.