பெரிய இலக்கும் ஒரு பக்கெட் தண்ணீரும்

அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் தெர்மாகோல், வண்ணத்தாள், பசை என்று வாங்க வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் போடுவதுதான் பல ஆண்டுகளாக என் வழக்கம். மாதிரிகள் அழகாகவே இருக்கும். ஆனால் மறுநாள் குப்பைக்குப் போய்விடும். அவை யாருடைய சிக்கலையும் தீர்த்ததில்லை. மாணவர்களிடம் நான் இலக்கைப் பற்றிப் பேசாமல் பொருளைப் பற்றியே பேசியதுதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

அதைப் புரியவைத்தது நம் சென்னையில் பிறந்த ஒரு ரயில். பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), பொது மேலாளர் சுதான்ஷு மணி தலைமையில் ஓர் இலக்கை வைத்துக்கொண்டது: மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய, தனி எஞ்சின் இல்லாத, 16 பெட்டிகள் கொண்ட ரயிலை 18 மாதங்களில் உருவாக்க வேண்டும். 2018 அக்டோபரில் ரயில் வெளியே வந்தது. சோதனை ஓட்டத்தில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ‘டிரெயின் 18’ என்ற அந்த ரயில்தான் 2019 பிப்ரவரி 15 அன்று ‘வந்தே பாரத்’ என்ற பெயரில் புதுதில்லி–வாரணாசி தடத்தில் தொடங்கி வைக்கப்பட்டது.

‘நல்ல ரயில் செய்வோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் பழைய பெட்டிக்குப் புது வண்ணம் பூசியும் முடித்திருக்கலாம். 160, 18 என்ற எண்கள் அந்த வழியை அடைத்துவிட்டன. இலக்கு என்பது சேர வேண்டிய இடம். அங்கே சேர எதைச் செய்வோம், எதை விடுவோம் என்று முடிவெடுப்பதே உத்தி. முன்னால் ஓர் எஞ்சின் எல்லாப் பெட்டிகளையும் இழுப்பதற்குப் பதிலாக, பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்களைப் பொருத்தினார்கள். அதனால் ரயில் விரைவாக வேகமெடுக்கும், விரைவாக நிற்கும். கருவிகள் தரைக்கு அடியில் போனதால் மேலே பயணிகளுக்கு இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் தாங்களே செய்ய முயலாமல், சில பாகங்களை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இதை எட்டாம் வகுப்பில் சொல்லிவிட்டு, “நம்ம பீச் ரயில் தாம்பரத்தில் திரும்பும்போது எஞ்சினைக் கழற்றி மாட்டுவார்களா?” என்று கேட்டேன். “அதுக்கு எஞ்சினே கிடையாதே மிஸ்!” என்றார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் ஓடும் மின்சார ரயிலிலும் இதே கருத்துதான். பெரிய இலக்குக்குப் புத்தம்புதிய கண்டுபிடிப்புதான் வேண்டும் என்பதில்லை என்று மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

அடுத்து எங்கள் சிக்கலை எடுத்தோம். மதிய உணவுக்கு முன் கை கழுவ நீண்ட வரிசை நிற்கும். பாதிப் பேர் கழுவாமலே சாப்பிடப் போய்விடுவார்கள். நாங்கள் வைத்த இலக்கு: 40 பேர், 5 நிமிடம், 20 லிட்டர் பக்கெட் ஒன்று.

கடிகாரத்தோடு அளந்தோம். குழாயடியில் ஒருவருக்கு 30 வினாடி வீதம் 40 பேருக்கு 20 நிமிடம் ஆகும். ‘பெரிய குழாய் வைக்கலாம்’ என்ற யோசனை அங்கேயே விழுந்தது. வழக்கமாகக் கணக்கென்றால் தலைகுனிந்து உட்காரும் ஒரு மாணவி எழுந்தாள். “சோப்பு தேய்க்கிற 20 வினாடிக்குக் குழாய் எதுக்கு மிஸ்? தள்ளி நின்னு தேய்க்கலாமே!” என்றாள். அப்படியானால் குழாய்க்கு ஒருவருக்கு 10 வினாடி போதும். இரண்டு குழாய் இருந்தால் 3 நிமிடம் 20 வினாடி!

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை துண்டுக் குழாயும் இரண்டு திருகுகுழாயும் கொடுத்தனுப்பினார். பக்கெட்டை மேசைமேல் ஏற்றி, அடியில் குழாயை இணைத்தோம். முதல் நாள் ஒரு பக்கம் நீர் பீறிட்டது, மறுபக்கம் சொட்டியது. குழாய் சாய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து மட்டம் பார்த்தார்கள். இறுதியில் ஆறரை நிமிடம் ஆனது. தண்ணீர் மட்டும் 20 லிட்டருக்குள் அடங்கியது.

நேர இலக்கை எட்டவில்லை. ஆனால் 20 நிமிடம் ஆறரையாகக் குறைந்தது. மீதி ஒன்றரை நிமிடம் எங்கே போகிறது என்று இப்போது அவர்களே தேடுகிறார்கள். எட்டாததற்காக நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் அடுத்த முறை எளிதான இலக்கையே வைப்பார்கள். இலக்கு பொருளுக்குத்தான் பெரிதாக இருக்க வேண்டும். அது குழந்தையின்மேல் பாரமாகிவிடக் கூடாது.

உங்கள் வகுப்பில் அடுத்த செயல்திட்டத்தைத் தொடங்கும்போது, பொருள்களின் பட்டியலுக்கு முன் கரும்பலகையில் மூன்றை எழுதிப் பாருங்கள்: யாருக்காக? எந்த அளவுக்கு, எண்ணில்? எதையெல்லாம் செய்யப் போவதில்லை? எங்கள் பக்கெட் கண்காட்சிக்குப் போய்வந்த பிறகும் குப்பைக்குப் போகவில்லை. நாள்தோறும் மதியம் அதன்முன் வரிசை நிற்கிறது.